பகிர்வுப் பட்டனை ஏன் யாரும் அழுத்துவதில்லை?

நாளுக்கு ஒரு சொல் என்ற கணக்கில் தமிழ்ச் சொற்புதிர் ஒன்றை இணையத்தில் ஆறு மாதமாக நடத்தி வருவதாகவும், அன்றாடம் நானூறு பேர் வரை விளையாடுவதாகவும், விளையாடுபவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் பகிர்வுப் பட்டனை நூற்றுக்கு இரண்டு பேர்கூட அழுத்துவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பட்டனைப் பெரிதாக்கலாமா, பகிர்பவர்களுக்குப் பரிசுப் புள்ளி தரலாமா என்பது நீங்கள் கேட்ட கேள்வி. நான் புரிந்துகொண்ட வரையில் உங்கள் உண்மையான கேள்வி பட்டனைப் பற்றியது அன்று. தமக்குப் பிடித்த ஒன்றை ஒருவர் எப்போது இன்னொருவருக்கு அனுப்புகிறார், பிடித்திருந்தும் எப்போது அனுப்பாமல் விடுகிறார் என்பதைத்தான் கேட்கிறீர்கள். பன்னிரண்டு ஆண்டுகளாகச் செயலிகளுக்கும் இணையத்தளங்களுக்கும் வடிவமைப்பாளராக இருக்கிறேன். இந்தப் பகிர்வுப் பகுதியை மட்டும் பல நிறுவனங்களுக்காக இருபது முறைக்கு மேல் செய்துகொடுத்திருக்கிறேன். பாதிக்கு மேல் எடுபடவில்லை. எடுபடாதவற்றிலிருந்து கற்றதே அதிகம் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

உங்கள் பட்டனை அழுத்தினால் என்ன போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: 'நான் இன்றைய புதிரை முடித்துவிட்டேன். நீங்களும் விளையாட இந்த இணைப்பைச் சொடுக்கவும்.' இந்த இரண்டு வரியை உங்கள் பெரியப்பா, மாமியார், பள்ளித் தோழர், பழைய அலுவலக மேலாளர் எல்லோரும் இருக்கும் ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் போடுவதாக நினைத்துப் பாருங்கள். போட்டவர் தம் முகத்தை வைத்துப் போடுகிறார். அதில் அவருடைய சொல் ஒன்றும் இல்லை. உங்கள் விளம்பரத்தை அவர் வாயால் சொல்ல வைத்திருக்கிறீர்கள். எதிரே இருப்பவருக்கு அதில் ஒரு வேலையும் ஒரு கோரிக்கையும்தான் இருக்கின்றன. இதை அனுப்பினால் சங்கடம், அனுப்பாவிட்டால் எந்த இழப்பும் இல்லை என்னும்போது மனிதர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. பட்டன் உள்ளங்கை அளவு இருந்தாலும் இதுதான் நடக்கும்.

உங்கள் புதிருக்கு நேரடி முன்னோடி வேர்டில் என்ற ஆங்கிலச் சொற்புதிர் என்பதால் அதையே சற்று விரிவாகப் பார்க்கலாம். ஜாஷ் வார்டில் என்ற மென்பொருளாளர் அதைத் தம் துணைவிக்காகச் செய்தார். ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல், ஆறு வாய்ப்பு, நாளுக்கு ஒன்று, உலகம் முழுக்க எல்லோருக்கும் அதே சொல். எழுத்தும் இடமும் சரி என்றால் பச்சை, எழுத்து இருந்து இடம் தவறு என்றால் மஞ்சள். அப்போது கணக்குத் தொடங்க வேண்டியிருக்கவில்லை, விளம்பரம் இருக்கவில்லை, தரவிறக்க ஒரு செயலியும் இருக்கவில்லை. 2021 நவம்பர் 1 அன்று அதை விளையாடியவர்கள் 90 பேர். 2022 ஜனவரி 2 அன்று 3 லட்சத்துக்கும் மேல். அந்த மாதம் முடிவதற்குள் நியூயார்க் டைம்ஸ் அதைப் பத்து லட்சம் டாலருக்கும் மேலான தொகைக்கு வாங்கிவிட்டது. இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். இடையில் டிசம்பரில் நடந்த ஒரு சிறு காரியத்தைத்தான் கவனிக்க வேண்டும். நியூசிலாந்தில் விளையாடியவர்கள், விடையைச் சொல்லாமல் தாங்கள் அதை எப்படி எட்டினோம் என்று காட்டுவதற்காக, பச்சை, மஞ்சள் சதுர எமோஜிகளைக் கையாலேயே தட்டச்சு செய்து ட்விட்டரில் போட்டுக்கொண்டிருந்தார்கள். வார்டில் அதைப் பார்த்துவிட்டு, ஒரே தட்டில் அந்தக் கட்டங்கள் நகலாகும்படி செய்தார். அதாவது மக்களைப் பகிர வைக்க அவர் ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் ஏற்கெனவே சிரமப்பட்டுச் செய்துகொண்டிருந்ததை எளிதாக்கினார்.

அந்தக் கட்டங்களின் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். புதிரின் எண், எத்தனையாவது முயற்சி, ஐந்தைந்தாகச் சில வரிசைச் சதுரங்கள். தொடக்கத்தில் அதில் இணைப்புக்கூடக் கிடையாது. விளையாடியவருக்கு அது ஒரு முழுக் கதை: முதல் இரண்டு வரிசையில் ஒன்றும் கிடைக்கவில்லை, மூன்றாவதில் திடீரென்று நான்கு பச்சை, அதற்குப் பிறகு அந்த ஒற்றை எழுத்துக்காக மூன்று வாய்ப்பு வீண். விளையாடாதவருக்கு அது ஒன்றும் புரியாத வண்ணக் கோலம், ஆகவே 'இது என்ன?' என்று கேட்கத் தோன்றும். அன்றைய சொல்லை இன்னும் முயலாதவருக்கும் அதில் விடை இல்லை, ஆகவே கெடுதல் இல்லை. அனுப்பியவர் தோற்றிருந்தாலும் சொல்ல ஒரு கதை இருக்கிறது. உங்கள் 'முடித்துவிட்டேன்' என்ற வாசகத்தில் தோற்றவருக்கு இடமே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? என் அனுபவத்தில் மயிரிழையில் தோற்றவர்களும் கடைசி வாய்ப்பில் தப்பியவர்களும்தான் அதிகமாகப் பேசுகிறார்கள்; இரண்டாவது முயற்சியிலேயே வென்றவர்கள் அவர்களுக்கு அடுத்தபடி.

தமிழில் உங்களுக்கு ஒரு கூடுதல் வசதி இருக்கிறது, அதை நீங்கள் பாதி பயன்படுத்தியிருக்கிறீர்கள். மெய் சரியாகவும் உயிர் தவறாகவும் இருக்கும்போது ஊதா நிறம் காட்டுவதாக எழுதியிருந்தீர்கள். 'கி' என்று போட வேண்டிய இடத்தில் 'கு' என்று போட்டவர் படும் எரிச்சல் தமிழ் போன்ற மொழிகளுக்கே உரியது. ஆங்கிலப் புதிரில் அப்படி ஒரு நிலையே கிடையாது. ஒரு வரிசை முழுக்க ஊதாவாக வந்தவர் அதை யாரிடமாவது காட்டாமல் இருக்க மாட்டார். அந்த நிறத்தைத் திரையில் மட்டும் காட்டிவிட்டுப் பகிர்வில் விட்டுவிட்டீர்கள் என்றால், உங்களிடம் இருக்கும் மிகச் சிறந்த சரக்கை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுக் கடை திறந்ததாக ஆகும். ஒரு எச்சரிக்கை: கணினி எண்ணும் எழுத்தும் நாம் எண்ணும் எழுத்தும் வேறு. 'புதிர்' நமக்கு மூன்றெழுத்து. கணினிகள் எழுத்துகளைக் குறிக்கும் பொதுமுறையான யூனிகோட் கணக்கில் ஆறு. கட்டங்களை உருவாக்கும் நிரல் இதைப் பார்த்துச் செய்யவில்லை என்றால் பகிர்வில் சதுரங்கள் கூடுதலாக விழும். இன்னொன்றும் உண்டு. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் ஒவ்வொரு சதுரத்தையும் 'பச்சைச் சதுரம், பச்சைச் சதுரம்' என்று வாசித்துக்கொண்டே போகும். வேர்டில் பரவிய நாள்களில் இதைப் பற்றி நியாயமான முறையீடுகள் எழுந்தன. 'நான்காவது முயற்சியில்' என்று சொல்லாலும் ஒரு வரி முதலிலேயே இருந்தால் அவர்களுக்கும் செய்தி போய்ச்சேரும்.

எதைப் பகிர்வாக வைப்பது என்று நீங்களே யோசித்து முடிவு செய்யாதீர்கள். பயன்படுத்துபவர்களின் கையைப் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சமையல் குறிப்புச் செயலிக்கு வேலை செய்துகொண்டிருந்தபோது, அதை நாள்தோறும் பயன்படுத்தும் என் அத்தையின் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நாங்கள் மூன்று வாரம் உழைத்து வைத்திருந்த பகிர்வுப் பட்டன் அவருடைய கட்டைவிரலுக்கு ஒரு அங்குலம் தள்ளி இருந்தது. அவர் அதைத் தொடவே இல்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்தார், மேலே இருந்த எங்கள் பெயர்ப் பட்டையை வெட்டினார், படத்தையும் வெட்டினார், அளவுகள் இருந்த ஆறு வரியை மட்டும் வைத்துக்கொண்டு தம் தங்கைக்கு அனுப்பினார். கூடவே 'வெல்லம் இவ்வளவு வேண்டாம், பாதி போதும்' என்று குரல் பதிவு ஒன்று. ஏன் பட்டனை அழுத்தவில்லை என்று கேட்டேன். 'அதை அழுத்தினா ஏதோ நீளமா போகுது, அவ திறந்து பாக்க மாட்டா' என்றார். அளவுகளை மட்டும் எழுத்தாக அனுப்பும்படி மாற்றி, பெயரைக் கடைசியில் சிறியதாக வைத்த பிறகுதான் அந்தப் பகுதிக்கு உயிர் வந்தது. உங்களுக்குத் தெரிந்த ஐந்து பேரிடம், உங்கள் புதிரிலிருந்து அவர்கள் எடுத்த ஸ்கிரீன்ஷாட் ஏதாவது இருந்தால் காட்டச் சொல்லுங்கள். எங்கே வெட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். வெட்டிப் போட்டது உங்களுக்கு வேண்டியது. விட்டு வைத்தது அவர்களுக்கு வேண்டியது.

அடுத்து, பெறுபவரின் கைபேசியில் அது எப்படி வந்து விழுகிறது என்பது. இதில் ஊகத்துக்கு இடமில்லை, எல்லாம் இயந்திர விஷயம், ஆனால் பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். பக்க முகவரியில் தமிழ்ச் சொல்லை வைத்திருக்கிறீர்கள். உலாவியிலிருந்து அதை நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகப் பிரிந்து, சதவீதக் குறியும் எண்ணும் ரோமன் எழுத்துமாக ஒன்பது இடத்தைப் பிடிக்கும். 'தமிழ்' என்ற ஒரு சொல் மட்டும் 45 குறிகளாக நீளும். அப்படி வரும் நீளமான வாலைப் பார்த்தால் வங்கி மோசடிச் செய்தி என்றுதான் யாரும் நினைப்பார்கள். தமிழ்ப்பற்று வேறு, முகவரிப் பட்டை வேறு. பகிர்வுக்கு மட்டுமாவது குட்டையான ரோமன் எழுத்து முகவரி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இணைப்போடு வரும் சிறு படமும் தலைப்பும் பக்கத்தின் நிரலில் எழுதி வைக்கும், ஃபேஸ்புக் 2010-இல் கொண்டுவந்த ஓப்பன் கிராஃப் குறிகளிலிருந்து எடுக்கப்படுகின்றன. அவற்றை நிரப்பாவிட்டால் வெறும் நீல எழுத்துதான் வரும். அந்த முன்காட்சியை வாட்ஸ்ஆப் அனுப்புபவரின் கைபேசியிலேயே உருவாக்குவதால், உங்கள் பக்கம் மெதுவாகத் திறந்தாலோ படம் கனமாக இருந்தாலோ, அது வருவதற்குள் அவர் அனுப்பிவிடுவார். படத்தைச் சில நூறு கிலோபைட்டுக்குள் வையுங்கள். எழுத்துள்ள படத்தைப் பகிர்வாகத் தர நினைத்தால், வாட்ஸ்ஆப் வழக்கமாகப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும் என்பதையும், அதில் முதலில் பலியாவது தமிழின் புள்ளியும் சுழியும்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். எழுத்தாக அனுப்ப முடிந்ததை எழுத்தாகவே அனுப்புவது நல்லது; அதில் ஒரு சொல்லை மாற்றியோ சேர்த்தோ அனுப்பும் உரிமையும் அனுப்புபவருக்குக் கிடைக்கிறது.

ஃபார்வர்டு என்ற சொல்லுக்கு நம்மிடையே ஒரு கெட்ட பெயர் ஏற்பட்டுவிட்டது, அதற்குக் காரணமும் உண்டு. வதந்திகளால் உயிர்கள் போன பிறகு 2018-இல் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்ஆப் கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரே உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்றது. இரட்டை அம்புக்குறியோடு ஒன்று வந்தாலே படிக்காமல் கடந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் புதிர்க் கட்டங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொருவரும் அனுப்புவது அவரவர் விளையாடி உண்டாக்கிய புதிய செய்தி. இன்னொருவருடையதை அப்படியே தள்ளிவிடுவது அன்று. ஆயிரம் பேர் அனுப்பினாலும் ஒன்றுகூட 'பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது' என்ற முத்திரையோடு வராது. பொதுவான ஒரு படத்தை எல்லோரும் தள்ளிவிடட்டும் என்று வடிவமைப்பதற்கும், ஒவ்வொருவர் கையிலும் அவரவருடைய ஒன்று உண்டாகும்படி வடிவமைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நான் நடைமுறையில் மிகப் பெரியதாகக் கண்டிருக்கிறேன்.

பரிசுப் புள்ளிக்கு வருகிறேன். பரிசு வேலை செய்யவே செய்யாது என்று சொன்னால் பொய். கோப்புகளை இணையத்தில் சேமித்து வைக்கும் டிராப்பாக்ஸ், அழைத்தவருக்கும் வந்தவருக்கும் கூடுதல் சேமிப்பிடம் கொடுத்து வளர்ந்தது. கூகுள் பே 2017 செப்டம்பரில் தேஸ் என்ற பெயரில் இங்கே வந்தபோது, அழைத்தவருக்கு 51 ரூபாய் கிடைத்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஒரு வீட்டில் நான்கு பேரை ஒருவரே சேர்த்துவிட்ட காலம் அது. ஆனால் இந்த இரண்டிலும் இன்னொருவர் வந்தால்தான் பொருளுக்கே பயன் கூடுகிறது. பணம் அனுப்பும் செயலியில் தனியாக இருந்து என்ன செய்வது? டிராப்பாக்ஸ் கொடுத்த பரிசும் அதன் சரக்கேதான்; இடம் வேண்டாதவருக்கு அந்தப் பரிசால் ஆசை வராது. உங்கள் புள்ளிகளை வைத்து எதுவும் வாங்க முடியாது, இன்னொருவர் வருவதால் அன்றைய புதிர் எளிதாவதும் இல்லை. அதைவிட மோசம், பரிசுக்காக அனுப்புகிறார் என்று பெறுபவர் ஊகித்துவிட்டால் அந்தப் பரிந்துரைக்கு மதிப்பு போய்விடும். நட்பில் கமிஷன் நுழைந்ததுபோல் ஆகிவிடும். ஏதாவது தந்தே தீர வேண்டும் என்றால், ஒருவர் தாமே நான்கெழுத்துச் சொல் ஒன்றை வைத்து, பெயர் குறித்து ஒருவருக்குச் சவாலாக அனுப்பும் வசதியைத் தாருங்கள். மருமகன் மாமனாருக்கு வைக்கும் புதிரை மாமனார் திறக்காமல் இருக்க மாட்டார். அங்கே இரண்டாம் ஆள் இல்லாமல் விளையாட்டே இல்லை என்பதால் பகிர்வு தானாக நடந்துவிடுகிறது.

இதுவரை சொன்னவற்றில் எனக்கு ஐயம் குறைவு. இனிச் சொல்வதில் ஐயம் கூடுதல். எப்படிப்பட்ட உள்ளடக்கம் அதிகம் பகிரப்படும் என்பதற்கு ஜோனா பெர்கர், கேத்தரின் மில்க்மன் இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. நியூயார்க் டைம்ஸின் ஏறத்தாழ 7,000 கட்டுரைகளைப் பார்த்து, வியப்பு, கோபம், பதற்றம் போன்று உள்ளத்தைக் கிளறும் உணர்ச்சிகள் பகிர்வைக் கூட்டுகின்றன, சோகம் குறைக்கிறது என்று கண்டார்கள். ஆய்வு நல்ல ஆய்வு. ஆனால் அது அமெரிக்க நாளிதழ் ஒன்றின் வாசகர்கள் மின்னஞ்சலில் அனுப்பிய கட்டுரைகளைப் பற்றியது. தமிழ்க் குடும்பக் குழுவில் போகும் சொற்புதிருக்கு அதை அப்படியே பொருத்துவதற்கு எனக்குத் துணிவில்லை. நம்மிடம் இரங்கல் செய்தி பரவும் வேகத்தைப் பார்த்தவர்கள் சோகத்தைப் பற்றி அவ்வளவு உறுதியாகப் பேச மாட்டார்கள்.

அதைவிட நான் அதிகம் மதிப்பது 2006-இல் சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் மூவரும் செய்த சோதனையை. முன்பின் கேள்விப்படாத 48 பாடல்களை 14,000-க்கும் மேற்பட்டவர்கள் முன் வைத்தார்கள். பங்கேற்றவர்களை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல கூட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்தாருக்கும் தங்கள் கூட்டத்தில் எந்தப் பாடல் எத்தனை முறை தரவிறக்கப்பட்டது என்று மட்டும் காட்டினார்கள். ஒரு கூட்டத்தில் முதலிடத்தில் வந்த பாடல் இன்னொன்றில் நாற்பதாவது இடத்தில் கிடந்தது. மிக நல்ல பாடல் அடிமட்டத்துக்குப் போவதும், மிக மோசமானது உச்சிக்கு வருவதும் அரிது. இடையில் இருப்பவற்றுக்கு என்ன வேண்டுமானாலும் நடக்கலாம் என்பது அவர்கள் கண்டது. அதாவது உங்கள் கட்டங்களை எவ்வளவு செம்மையாகச் செய்தாலும் அது பற்றிக்கொள்ளும் என்று யாரும் உறுதி தர முடியாது. தருகிறேன் என்று வரும் நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

எதிர்பார்ப்பை எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு ஒரு சிறு கணக்கு இருக்கிறது. நூறு பேர் விளையாடுகிறார்கள். அவர்களில் இருபது பேர் பகிர்கிறார்கள். ஒவ்வொருவரும் சராசரியாக ஒரு புதியவரைக் கொண்டுவருகிறார்கள் என்றால், ஆளுக்கு 0.2 பேர் என்று ஆகிறது. வந்தவர்களும் அதே விகிதத்தில் கொண்டுவந்தால் நூறு பேர் முடிவில் 125 பேர் ஆவார்கள், அங்கே நின்றுவிடும். விகிதம் 0.5 ஆனால் 200 பேர். ஒன்றைத் தாண்டினால்தான் தானாகப் பெருகிக்கொண்டே போகும். நான் செய்தவற்றில் ஒன்றுகூட நீண்ட காலம் ஒன்றைத் தாண்டி நின்றதில்லை. 0.2 என்பதே வீண் இல்லை. வேறு வழியில் வரும் ஒவ்வொரு நான்கு பேருக்கும் ஒருவர் செலவின்றி வருகிறார். உங்களுக்குத் தினமும் திரும்பி வரும் நானூறு பேர் இருப்பதால், இன்று பகிராதவர் நாளை பகிரலாம் என்ற வாய்ப்பும் இருக்கிறது. ஒருமுறை பார்த்துவிட்டுப் போகும் தளங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அளப்பதிலும் ஒரு வரம்பு உண்டு. வாட்ஸ்ஆப் உரையாடல்கள், அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டவை. அங்கிருந்து வருபவர்கள் பெரும்பாலும் உங்கள் புள்ளிவிவரத்தில் நேரடியாக வந்தவர்கள் என்றே பதிவாவார்கள். ஸ்கிரீன்ஷாட் எத்தனை போனது என்பது தெரியவே தெரியாது. நூற்றுக்கு இரண்டு என்று நீங்கள் சொல்வது பட்டனை அழுத்தியவர் கணக்குதான். உண்மைப் பகிர்வு அதைவிடக் கூடுதலாகவே இருக்கலாம். பகிர்வு முகவரியில் வென்றவருக்கு ஒரு குறி, தோற்றவருக்கு ஒரு குறி, சவாலுக்கு ஒரு குறி என்று சேர்த்துவிட்டால் எந்த வழியில் ஆள் வருகிறார் என்பது ஓரளவு தெரியும். ஆளை அடையாளம் காட்டும் எதையும் அதில் சேர்க்க வேண்டாம்.

தொடர்பு எண்களைப் படிக்க அனுமதி கேட்டு எல்லோருக்கும் அழைப்பு அனுப்பிவிடலாம் என்று யாரோ உங்களுக்கு யோசனை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். செய்யாதீர்கள். பயனர்களின் மின்னஞ்சல் தொடர்புகளுக்கு அவர்கள் பெயரில் நினைவூட்டல் அழைப்புகளைத் திரும்பத் திரும்ப அனுப்பிய வழக்கில், தொழில் தொடர்புகளுக்கான தளமான லிங்க்ட்இன் 2015-இல் 1.3 கோடி டாலர் தந்து சமரசம் செய்துகொண்டது. இங்கேயும் 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், தம் பெயரில் தமக்குத் தெரியாமல் செய்தி போனதை அறிந்தவர் அன்றே உங்கள் புதிரை மூடிவிடுவார்.

முதலில் எதைத் தொடுவது என்றால், இந்த வாரம் நிரலைத் தொடாமலே தொடங்கலாம். நேற்றைய புதிரை நீங்கள் விளையாடிய விதத்தைப் பச்சை, மஞ்சள், ஊதாச் சதுரங்களாகக் கையால் தட்டச்சு செய்யுங்கள். புதிர் எண், எத்தனையாவது முயற்சி, குட்டை முகவரி, அவ்வளவு போதும். புதிரைப் பற்றி அறியாத மூன்று பேருக்கும் ஏற்கெனவே விளையாடும் மூன்று பேருக்கும் விளக்கம் ஏதும் இல்லாமல் அனுப்புங்கள். அறியாதவர் 'இது என்ன?' என்று கேட்டாலோ, விளையாடுபவர் பதிலுக்குத் தம் கட்டத்தை அனுப்பினாலோ அந்த வடிவத்தை நிரலாக்குங்கள். கட்டைவிரல் எமோஜி மட்டும் திரும்பி வந்தால், வரிகளை மாற்றி வேறு ஆறு பேருக்கு அனுப்பிப் பாருங்கள்.